ரெட்டினாஸ்கோப்பும் வேலைப் பேட்டியும்

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் தேவகோட்டை. நான்கு வருட ஆப்டோமெட்ரி (கண் பார்வைப் பரிசோதனை) பட்டப்படிப்பை, கடைசி ஆண்டு மருத்துவமனைப் பயிற்சியும் சேர்த்து, அண்மையில் முடித்தேன். பேட்டிக்குப் போன இடத்திலெல்லாம் 'அனுபவம் இருக்கிறதா?' என்பதுதான் முதல் கேள்வி. இப்போதுதான் படித்து முடித்தவள் அனுபவத்துக்கு எங்கே போவது? மதிப்பெண் நன்றாக இருக்கிறது, ஆங்கிலம்தான் தடுமாறுகிறது. காரைக்குடியில் கண் மருத்துவமனையும் கண்ணாடிக்கடையும் நடத்துகிறவர் என்பதால் கேட்கிறேன். புதியவர்களிடம் நீங்களெல்லாம் என்னதான் எதிர்பார்க்கிறீர்கள்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

வணக்கம் அம்மா,

அனுபவம் உண்டா என்று கேட்பது பாதி வழக்கம். மீதி, சம்பளத்தைக் குறைக்கும் உத்தி. ஆனால் அதற்குள் ஒரு பயமும் இருக்கிறது. இந்தப் பெண் எழுதித்தரும் பவருக்குக் கண்ணாடி செய்து கொடுத்தால் அது திரும்பி வருமா என்பதே அது. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒன்றாகவே உதவும் புரோகிரசிவ் லென்ஸ் ஒரு ஜோடியை மாற்றிக் கொடுத்தால் லாபம் போய், கைக்காசும் போகும். வாங்கியவர் ஊரெல்லாம் சொல்லுவது தனி.

ஆகவே நான் மதிப்பெண் பட்டியலைப் புரட்டுவதில்லை. பவரைத் தானே அளந்து சொல்லும் ஆட்டோரெஃப்ராக்டர் இயந்திரத்தை அணைத்துவிட்டு, கண்ணுக்குள் ஒளி பாய்ச்சி நாமே பவரைக் கணிக்கும் ரெட்டினாஸ்கோப்பைக் கையில் கொடுப்பேன். பார்க்கிற கண்ணிலிருந்து 67 செ.மீ. தூரத்தில் உட்கார்ந்தால், கிடைத்த அளவில் 1.50 டயாப்டர் (பவரின் அலகு) கழிக்க வேண்டும், 50 செ.மீ.க்கு 2.00 என்று கடகடவென ஒப்பிக்கிறவர்களே, கை எட்டவில்லை என்று 50-இல் உட்கார்ந்துகொண்டு 1.50-ஐக் கழிப்பார்கள். அரை டயாப்டர் அங்கேயே பிசகிவிட்டது. இயந்திரம் இருக்க இது எதற்கு என்பார்கள். சிறு பிள்ளை அந்த இயந்திரத்துக்குள் உற்றுப் பார்க்கும்போது கண் தானாகக் கிட்டத்துக்கு இழுத்துக்கொள்ளும்; இல்லாத மைனஸை அது அழகாக அச்சடித்துக் கொடுக்கும். நம்பி எழுதினால் பிள்ளைக்குத் தலைவலி.

அடுத்து, "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்கத் தோன்றுகிறதா என்று பார்ப்பேன். அறுபது வயதுக்காரர் 40 செ.மீ.யில் பத்திரிகை படிக்க, தூரப் பவருக்கு மேல் கூடுதல் பவர் 2.50 சரியாக இருக்கும். அவரே தறியில் கண்டாங்கிச் சேலை நெய்கிறவர் என்றால் இழை அதைவிட எட்ட இருக்கும், குறைக்க வேண்டும். நகைப் பட்டறையில் பொடி வைத்துப் பற்றவைக்கிறவர் என்றால் முகத்தருகே வைத்துப் பார்ப்பார், கூட்ட வேண்டும். ஆத்தங்குடியில் தளக்கல் செய்யக் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்துக் கரண்டியால் கலர் ஊற்றுகிறவருக்குக் கணக்கு வேறு. புதிதாக வருகிறவர்களில் பலர் வயதைக் கேட்ட உடனேயே பவரை எழுதி முடித்துவிடுகிறார்கள். அவர் வீட்டுக்குப் போய்ப் பத்திரிகை மட்டும் படிப்பார் என்று யார் சொன்னது?

கண்ணாடியால் தீராததைக் கண்டுகொள்ளவும் வேண்டும். ஓர் ஆச்சி வந்து, "இரண்டு நாளாக ஒரு கண்ணில் மின்னல் வெட்டுகிறது, ஓரத்தில் திரை விழுந்தாற்போல் இருக்கிறது" என்றால், லென்ஸ் பெட்டியைத் திறக்காமல் அப்போதே கண் மருத்துவரிடம் அனுப்பத் தெரிந்தவர் எனக்கு வேண்டும். அது விழித்திரை விலகலாக இருக்கலாம். நாளைக்கு ஆகட்டும் என்று விடுகிற விஷயமில்லை.

ஆங்கிலத்தைப் பற்றிக் கேட்டீர்கள். காது மந்தமான அப்பச்சியிடம் "இது தெளிவா, அது தெளிவா" என்று பொறுமையாகத் திரும்பத் திரும்பக் கேட்பது தமிழில்தான். ஆங்கிலம் தேவைப்படுவது மருத்துவருக்கு எழுதும் நாலு வரிக் கடிதத்துக்கு. அந்த நாலு வரியை மட்டும் பழகிக்கொள்ளுங்கள்.

இது என்னைப் போன்ற சிறிய இடத்தின் கணக்கு. பெரிய மருத்துவமனைகளில் கிராமத்து முகாமுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வருவீர்களா என்று கேட்பார்கள். கடைத்தொடர்களில் விற்பனை இலக்கைப் பற்றிப் பேசுவார்கள். அதில் உங்களுக்குக் கூச்சம் இருந்தால் பேட்டியிலேயே சொல்லிவிடுங்கள். சேர்ந்தபின் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிவதால் யாருக்கும் பயனில்லை.

இன்னொன்று. அசல் சான்றிதழைக் கொடுத்துவிட்டுச் சேருங்கள் என்று சொல்லும் இடங்கள் உண்டு. நகல் மட்டும் கொடுங்கள். அசல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் அந்த வேலை உங்களுக்கு வேண்டாம்.