ஸ்டாக்ஹோமில் மூத்தவரோடும் குழந்தையோடும்: எந்தப் பயணச்சீட்டு, எந்த வழி?

கேள்வி: ஜூன் மாதம் நானும் மனைவியும் 68 வயதான அம்மாவையும் 5 வயது மகளையும் அழைத்துக்கொண்டு இந்தியாவிலிருந்து ஸ்டாக்ஹோம் சென்று ஐந்து நாள் தங்கவிருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் படியேறுவது சிரமம். விமான நிலையத்திலிருந்து நகருக்கு வரவும் நகருக்குள் சுற்றவும் எது சிக்கனமானது, எது வசதியானது? பேசாமல் டாக்சியிலேயே போய்விடலாமா?

பதில்: டாக்சி தேவையில்லை. மெலாரன் ஏரி பால்டிக் கடலோடு சேரும் இடத்தில் 14 தீவுகளின் மேல் பரவியிருக்கும் இந்நகரத்தில் மெட்ரோ, பேருந்து, டிராம், புறநகர் ரயில் ஆகியவற்றோடு சில படகுகளும் எஸ்.எல். என்ற ஒரே அமைப்பின்கீழ் ஓடுகின்றன. ஒரே சீட்டு எல்லாவற்றுக்கும் செல்லும். உங்கள் தாயாரின் முழங்காலை எண்ணிப் பார்த்தால், மெட்ரோவைக் குறைத்து, பேருந்தையும் டிராமையும் படகையும் கூடுதலாகப் பயன்படுத்துவதே சரியான திட்டம் என்பேன்.

முதலில் சீட்டைப் பார்ப்போம். ஒற்றைச் சீட்டு 75 நிமிடங்களுக்குச் செல்லுபடியாகும். அதற்குள் எத்தனை வண்டி மாறினாலும் மீண்டும் கட்டணம் இல்லை. இது தவிர 24 மணி நேர, 72 மணி நேர, 7 நாள் சீட்டுகள் உண்டு. கட்டணம் அவ்வப்போது மாறினாலும் அண்மை ஆண்டுகளில் அவற்றுக்கிடையேயான விகிதம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்து வந்திருக்கிறது: 24 மணி நேரச் சீட்டின் விலை நான்கு ஒற்றைச் சீட்டுகளுக்குச் சற்று மேல், 72 மணி நேரச் சீட்டு அதைப்போல் இரு மடங்கு, 7 நாள் சீட்டோ 72 மணி நேரச் சீட்டைவிட மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே அதிகம். ஆகவே ஐந்து நாள் தங்குபவர் 72 மணி நேரச் சீட்டும் 24 மணி நேரச் சீட்டும் வாங்கிச் சேர்ப்பதைவிட, இரண்டு நாள் வீணானாலும் 7 நாள் சீட்டை வாங்குவதே மலிவு. 65 வயதைக் கடந்த உங்கள் தாயாருக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. சுற்றுலாப் பயணிகளுக்கும் அது பொருந்தும் என்பதால், வயதைக் காட்ட பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். மகள் 7 வயதுக்கு உட்பட்டவள் என்பதால் சீட்டு எடுத்த பெரியவரோடு இலவசமாக வரலாம்.

வங்கி அட்டையை நுழைவாயிலில் உள்ள கருவியில் தொட்டுச் செல்லும் வசதி அங்கே உண்டு. ஆனால் அது ஒற்றைச் சீட்டுக்கானது. ஓர் அட்டைக்கு ஒருவர்தான் செல்லலாம். 7 நாள் சீட்டை எஸ்.எல். செயலியில் வாங்கலாம், கைபேசியோடு பழக்கமில்லாத தாயாருக்கு, சிறு தொகை கொடுத்து எஸ்.எல். பயண அட்டை வாங்கி அதில் சீட்டை ஏற்றிக் கொடுப்பது நல்லது. பேருந்தில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். ஓட்டுநரிடம் சீட்டும் கிடைக்காது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி நம் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் தொடுமுறைப் பரிவர்த்தனையும் நாமே கேட்டால்தான் இயக்கப்படும். புறப்படும் முன் இரண்டையும் இயக்கிவிடுங்கள். சீட்டில்லாமல் பரிசோதகரிடம் சிக்கினால் அபராதம் 1,000 சுவீடிஷ் குரோனாவைத் தாண்டும்.

ஆர்லாண்டா விமான நிலையம் நகருக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிறது. 20 நிமிடத்துக்குள் கொண்டுசேர்க்கும் ஆர்லாண்டா எக்ஸ்பிரஸ் மிக விரைவானது. தனி நபர் கட்டணம் மிக அதிகம். புறநகர் ரயில் சுமார் 40 நிமிடம் எடுக்கும். ஆனால் 7 நாள் சீட்டு வைத்திருந்தாலும் ஆர்லாண்டா நிலையத்தில் ஏறவும் இறங்கவும் தனி வாயில் கட்டணம் செலுத்த வேண்டும். அதைத் தவிர்க்க விரும்புவோர் 583ஆம் எண் பேருந்தில் மெர்ஷ்டா என்ற புறநகர் ரயில் நிலையத்துக்குச் சென்று அங்கிருந்து ரயிலேறுவார்கள். அது முழுவதும் எஸ்.எல். சீட்டிலேயே அடங்கும், மிகச் சிக்கனமும் கூட. எனினும் நீண்ட விமானப் பயணத்தால் களைத்திருக்கும் மூத்தவரோடும் பெட்டிகளோடும் வண்டி மாறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். புறநகர் ரயில் வந்து நிற்கும் ஸ்டாக்ஹோம் சிட்டி நிலையமும் தரைக்கு மிக ஆழத்தில் இருக்கிறது. வரும்போது விமான நிலையப் பேருந்தில் ஏறி, பெட்டிகளை அடியறையில் வைத்துவிட்டு, மத்திய ரயில் நிலையத்தை ஒட்டிய சிட்டிடெர்மினாலன் பேருந்து நிலையத்தில் இறங்குங்கள். திரும்பும்போது, களைப்பில்லாத காலை வேளையாக இருந்தால், மெர்ஷ்டா வழியை யோசிக்கலாம்.

நகருக்குள் மெட்ரோவை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. 100 நிலையங்களிலும் மின்தூக்கி உண்டு. அது பழுதுபட்டிருந்தால் எஸ்.எல். செயலியே தெரிவிக்கும். பாறையைக் குடைந்த நிலையங்களின் சுவர்களில் ஓவியம் தீட்டியிருப்பது இம்மெட்ரோவின் தனிச் சிறப்பு. மெட்ரோவின் மைய நிலையமான டி-சென்ட்ராலனில் நீலத் தடத்தின் மேடையில் பெர் ஒலோஃப் உல்ட்வெத் 1975இல் வரைந்த நீலநிறச் செடிகொடிகளையும், அதே தடத்தின் கடைசி நிலையமான குங்ஸ்டிரெட்கோர்டனையும் அம்மாவுக்குக் காட்டாமல் திரும்பாதீர்கள். நீலத் தடம் ஆழத்தில் இருப்பதால் மின்தூக்கிக்கு நடக்கச் சற்று நேரம் ஒதுக்குங்கள்.

மற்றபடி தரைமேலேயே செல்லுங்கள். வாசா கப்பல் அருங்காட்சியகமும் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகமும் உள்ள யூர்கோர்டன் தீவுக்கு மெட்ரோ இல்லை. டி-சென்ட்ராலன் அருகிலிருந்து 7ஆம் எண் டிராம் செல்கிறது, 67ஆம் எண் பேருந்தும் உண்டு. மகள் மிகவும் விரும்பப்போவது 82ஆம் எண் படகைத்தான். பழைய நகரமான கம்லா ஸ்தானின் தென்கோடியில் ஏறினால் சில நிமிடங்களில் யூர்கோர்டனில் இறக்கிவிடும்; பலர் இதைச் சுற்றுலாப் படகென்று நினைத்துவிடுகிறார்கள், ஆனால் உங்கள் 7 நாள் சீட்டே போதும். கோடை மாலைகளில் திரும்பும் படகுக்கு நீண்ட வரிசை நிற்கும் என்பதால், போகும்போது படகு, வரும்போது டிராம் என வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கான்சென் குன்றின்மேல் இருக்கிறது. முதன்மை வாயிலில் நுழைந்தால் நகரும் படிக்கட்டு மேலே ஏற்றிவிடும். கம்லா ஸ்தானில் முழங்காலுக்குச் சோதனை தருவது கற்கள் பாவிய சரிவுத் தெருக்கள். அங்கு ஒருமுறை போய், அரண்மனைப் பக்கமே சுற்றிவிட்டு வந்தால் போதும்.

ஒரு நாள் வக்ஸ்ஹோம் தீவுக்குச் செல்லலாம். டெக்னிஸ்கா ஹெக்ஸ்கோலன் நிலையத்திலிருந்து புறப்படும் 670ஆம் எண் பேருந்துக்கு உங்கள் சீட்டே செல்லும். தீவுக்கூட்டத்துக்கு ஓடும் வக்ஸ்ஹோம்ஸ்போலாகெட் படகுகளுக்குத் தனிச் சீட்டு வேண்டும். ஒருவழிக்கேனும் அந்தச் செலவைச் செய்யுங்கள், நீர்வழியாக நகருக்குள் நுழைவது அதற்குத் தகுதியானது.

ஜூனில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். 19 முதல் 25ஆம் தேதிக்குள் வரும் வெள்ளிக்கிழமை, மிட்சம்மர் என்ற நடுக்கோடை விழாவின் முதல் நாள். அன்றும் மறுநாளும் பல கடைகள் மூடியிருக்கும், வண்டிகள் விடுமுறை அட்டவணைப்படி ஓடும். கோடையில் தண்டவாளப் பணிக்காகச் சில தடங்களைப் பகுதியளவில் மூடி மாற்றுப் பேருந்து விடுவதும் வழக்கம். தினமும் காலையில் செயலியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அவசரத்துக்கு டாக்சி எடுக்க நேர்ந்தால், சுவீடனில் டாக்சிக் கட்டணத்தை அரசு நிர்ணயிப்பதில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஒவ்வொரு வண்டியின் சன்னலிலும் ஒட்டியிருக்கும் மஞ்சள் அட்டையில் 10 கிலோமீட்டர், 15 நிமிடப் பயணத்துக்கான ஒப்பீட்டு விலை பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். அடுத்தடுத்து நிற்கும் வண்டிகளிலேயே அந்த எண் பெரிதும் மாறுபடலாம். வரிசையில் முதலில் நிற்கும் வண்டியில்தான் ஏற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அட்டையைப் படித்து, மொத்தத் தொகையைப் பேசி உறுதிசெய்த பிறகே பெட்டிகளை ஏற்றுங்கள்.