கடை வாசலில் செக்யூரிட்டி நம்மை மட்டும் நிறுத்தினால் என்ன செய்வது?

கேள்வி: "சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டுவிட்டு வரும்போது செக்யூரிட்டி என்னை மட்டும் நிறுத்தி, எல்லோர் முன்னாலும் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னார். ஒன்றும் இல்லை என்றதும் போகச் சொல்லிவிட்டார். மனசு ஆறவில்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும்?"

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அங்கே ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட்டீர்கள் என்று தெரிகிறது. கோபமே வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்திருக்கும். வீட்டில் சொன்னால் "அவன் வேலையை அவன் பார்த்தான், விடு" என்றிருப்பார்கள். விடாதீர்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். எங்கள் அம்மாவுக்கு நடந்தபோது நான் பக்கத்திலேயே இருந்தேன்.

மதுரையில் ஒரு பெரிய கடை. கீழே மளிகை, மேலே துணி. பேத்திக்குக் காதுகுத்து என்று பாவாடை சட்டை எடுக்க அம்மா உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். நூல் சேலை, கையில் யாரோ கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுத்த மஞ்சப்பை. நான் வங்கியிலிருந்து நேராக வந்ததால் கழுத்தில் அடையாள அட்டை, தோளில் ஒரு பெரிய கைப்பை.

உள்ளே நுழையும்போதே மஞ்சப்பையை டோக்கன் கவுன்டரில் வைக்கச் சொன்னார்கள். அதில் பணமும் மாத்திரையும் இருக்கிறது என்றார் அம்மா. கவுன்டரிலேயே "பணம், நகைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று பலகை தொங்குகிறது, பிறகு எப்படிக் கொடுப்பது? சரி என்று பையின் வாயைச் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கிக் கொடுத்தார்கள். கத்தரி இல்லாமல் அதைத் திறக்க முடியாது. அம்மா மாத்திரை போட வேண்டிய நேரத்தில்கூட அதைத் திறக்க வழியில்லை. என் கைப்பையை யாரும் கட்டவில்லை, கேட்கவும் இல்லை.

துணி எடுத்து, பில் போட்டு, வாசலில் இருக்கும் அந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவே இருவரும் சேர்ந்துதான் வந்தோம். அலாரம் அடித்தது. செக்யூரிட்டி என்னைத் தாண்டிப் போய் அம்மாவை மறித்தார்.

"ஏம்மா, நில்லு. பையக் குடு இங்க."

அவர்கள் போட்ட டை அப்படியே இருந்தது. அதைப் பார்த்த பிறகும் வெட்டினார். மூக்குக் கண்ணாடி, பிரஷர் மாத்திரை அட்டை, வெற்றிலைப் பொட்டலம், கோயில் குங்குமம், சுருக்குப் பை எல்லாவற்றையும் பில் சரிபார்க்கும் மேசையில் எடுத்துப் பரப்பினார். பின்னால் வரிசை நின்றுவிட்டது. அம்மா ஒன்றும் பேசாமல் சுருக்குப் பையையும் அவிழ்த்து அவரிடம் நீட்டி, "நல்லாப் பாத்துக்கய்யா" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பையில் ஒன்றும் இல்லை என்றானதும், "இந்தம்மாவ உள்ள கூட்டிட்டுப் போய்ப் பாரு" என்று ஒரு பெண் ஊழியரிடம் சொன்னார். அங்கேதான் நான் சத்தம் போட்டேன். உள்ளே யாரும் போக மாட்டோம், மேனேஜரை வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் 100-க்கு நானே போன் போடுகிறேன் என்றேன்.

மேனேஜர் வந்தார். ஒவ்வொருவராக நடந்து பார்ப்போம் என்றேன். அம்மா நடந்தார், கம்பம் சத்தம் போடவில்லை. நான் நடந்தேன், அலறியது. உடனே அந்தச் செக்யூரிட்டி என்ன சொன்னார் தெரியுமா? "பரவாயில்ல மேடம், நீங்க போங்க."

இயந்திரம் என்னைத்தான் காட்டியது. எனக்கு மட்டும் "பரவாயில்ல".

விஷயம் என்னவென்றால், வேறொரு கடையில் தங்கைக்காக வாங்கிய க்ரீம் பெட்டி பிரிக்காமல் என் கைப்பையிலேயே இருந்தது. அதன் அடியில் ஒட்டியிருந்த சின்ன வெள்ளைப் பட்டையை அந்தக் கடையில் பில் போடும்போது செயலிழக்கச் செய்யவில்லை. இந்தக் கம்பங்களுக்கு அது யார் கடைப் பொருள், காசு கொடுத்தாயிற்றா என்பதெல்லாம் தெரியாது. ஒரு வகை 58 கிலோஹெர்ட்ஸிலும் இன்னொரு வகை 8.2 மெகாஹெர்ட்ஸிலும் வேலை செய்கின்றன. அந்த அலைவரிசைக்குப் பதில் கொடுக்கும் பட்டை எந்தக் கடையுடையதாக இருந்தாலும் அலாரம் அடிக்கும். அதாவது அலாரம் என்பது "பில்லைப் பார்" என்பதற்கான அறிகுறி, அவ்வளவுதான். திருட்டுக்கு அது ஆதாரம் இல்லை. இதைச் செக்யூரிட்டிக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

"கடைக்காரன் நஷ்டப்பட வேண்டுமா, திருடுகிறவர்கள் இருக்கத்தானே செய்கிறார்கள்" என்று கீழே வந்து கேட்கப்போகிறவர்களுக்கு: இருக்கிறார்கள். என் சித்தப்பா மளிகைக் கடை வைத்திருந்தவர், அந்த நஷ்டம் எனக்குத் தெரியும். வாசலில் பில்லைக் கேட்டால் இன்றும் முகம் சுளிக்காமல் நீட்டுகிறேன். எல்லோரிடமும் கேளுங்கள், எல்லோர் பையையும் பாருங்கள். சேலையையும் பையையும் பார்த்து ஆளைப் பொறுக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்வது. 2019-ல் இங்கே ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தார்கள். 2021 டிசம்பரில் அரசே "மீண்டும் மஞ்சப்பை" என்று இயக்கம் தொடங்கியது. அரசு எடுத்துக்கொண்டு போகச் சொன்ன பையோடு போனவரைத்தான் திருடியைப் போல நிறுத்தினார்கள்.

செக்யூரிட்டி பாவம் என்பீர்கள். அதையும் மறுக்கவில்லை. ஏஜென்சி வழியாக வந்து நாள் முழுக்க நிற்கிறவர். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தினார்கள், அந்த வாசலில் ஒரு ஸ்டூல்கூட இல்லை. அதனால் நான் சண்டை போட்டது மேனேஜரோடு. அவர் "சிஸ்டம் ப்ராப்ளம் மேடம், சாரி" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஒரு தள்ளுபடிக் கூப்பனை நீட்டினார். கூப்பன் வேண்டாம், அம்மாவிடம் சொல்லுங்கள் என்றேன். வரிசையில் நின்ற ஒரு பெரியவரும் "அந்தம்மாட்ட கேளுப்பா மன்னிப்பு" என்று அதட்டிய பிறகுதான் கேட்டார்.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பிறகுதான் தேடிப் படித்தேன். கைது, விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் சட்டம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள அதன் 40-வது பிரிவு, போலீஸ் அல்லாத ஒருவர் இன்னொருவரைப் பிடித்து வைக்கலாம் என்கிறது. ஆனால் தேடப்படும் குற்றவாளியைத் தவிர மற்றவர்களைப் பிடிக்க, ஜாமீனில் விட முடியாத, போலீஸ் வாரன்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் அவர் கண்ணெதிரே நடந்திருக்க வேண்டும். பிடித்தவரைத் தாமதமின்றி, 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்கவும் வேண்டும். வெறும் சந்தேகம் அதில் வராது. காரணமில்லாமல் வழியை மறிப்பதும் அறையில் அடைத்து வைப்பதும் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 126, 127-வது பிரிவுகளின்படி குற்றம். கைதான பெண்ணைச் சோதிப்பதென்றால் போலீஸுக்கே இன்னொரு பெண்தான் வேண்டும், அதுவும் கண்ணியம் குறையாமல். நான் வக்கீல் இல்லை, வழக்குப் போடுவதென்றால் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே மறுபடி நடந்தால், பில்லை எடுத்துக் காட்டுங்கள். பையைப் பார்க்க வேண்டும் என்றால் மேனேஜரும் கேமராவும் இருக்கும் இடத்தில், நீங்களே திறந்து காட்டுங்கள். உடம்பில் கை வைக்க விடாதீர்கள், உள் அறைக்குப் போகாதீர்கள். அதற்கு மேலும் வற்புறுத்தினால் போலீஸை அவர்களையே கூப்பிடச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை, இதைச் சொன்னதும் பேச்சு மாறிவிடுகிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம்மை இவ்வளவு சந்தேகப்படுகிற இதே கடைகள் பில் போடும்போது போன் நம்பர் கொடுத்தால்தான் ஆயிற்று என்கின்றன. நம்பரைக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்று 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்கு அறிவுறுத்தியது. அன்றைக்கு அம்மாவின் நம்பரையும் கேட்டு வாங்கினார்கள். இன்றுவரை அந்தக் கடையின் ஆடித் தள்ளுபடி, தீபாவளித் தள்ளுபடிச் செய்திகள் அவருடைய பட்டன் போனுக்கு வந்துகொண்டிருக்கின்றன. வேண்டாம் என்று சொல்லியும் நிற்கவில்லை.

உங்கள் விஷயத்தில் இன்னும் நேரம் இருக்கும் என்றே நினைக்கிறேன். கேமராப் பதிவுகளைக் கடைகள் அதிக நாள் வைத்திருப்பதில்லை, பழையதன் மேலேயே புதியது பதிவாகிவிடும். நாளைக்கே பில்லோடு போய் தேதி, நேரம், எந்த வாசல் என்று எழுதி மேனேஜரிடம் கொடுங்கள். அந்த நேரத்துப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி அதிலேயே கேளுங்கள். நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் அதையே பதிவுத் தபாலில் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.