வீட்டில் நோயாளியும் குழந்தையும்: வாசகர் கேள்விகள்

பக்கவாதம் வந்து அப்பா நான்கு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். வால் எலும்புப் பக்கம் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்திருக்கிறது. பவுடர் போட்டுத் தேய்த்துவிடுகிறேன். வாட்டர் பெட்டும் வாங்கிவிட்டோம். சிவப்பு போகவில்லையே?
— ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி

முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்கும் சதை அது. தேய்த்தால் உள்ளே இருக்கும் மெல்லிய ரத்தக்குழாய்கள் இன்னும் சிதையும்.

அந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். வெளுத்து, பிறகு சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. தோல் கிழியவில்லை என்றாலும் அது புண்தான். நம்மில் பலருக்குக் கறுத்த தோல், சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. பக்கத்துச் சதையைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

மருந்து என்றால் புரட்டுவதுதான், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஆறு மணிக்கு இடது, எட்டு மணிக்கு வலது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் 'நீ புரட்டினாயா, நான் புரட்டினேனா' என்பதிலேயே நான்கு மணி நேரம் ஓடிவிடும். புண் ஆறும்வரை மல்லாத்த வேண்டாம், சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் நிமிர்த்தி உட்காரவைத்தால் போதும்.

ஒருக்களிக்கும்போது இடுப்பெலும்பு மேல் நேராக நிறுத்தக் கூடாது, புண் அங்கே இடம் மாறிவிடும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துப் பாதி சாய்வாக, சுமார் 30 டிகிரி இருந்தால் போதும். சரியாக வைத்தோமா என்று பார்க்க, வால் எலும்புக்கு அடியில் உங்கள் கையை நுழையுங்கள். கை தாராளமாகப் போய்வர வேண்டும். முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணை. கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி நிறுத்துங்கள்.

மேலே ஏற்றிப் படுக்கவைக்க அக்குளில் கை கொடுத்து இழுப்பது எல்லா வீட்டிலும் நடக்கும் தவறு. முதுகுத் தோல் மெத்தையோடு உரசிப் பிய்யும். வாதம் வந்த பக்கத் தோளில் பிடிமானம் இருக்காது, மூட்டும் இறங்கிவிடும். பழைய பருத்தி வேட்டி ஒன்றை நாலாக மடித்துத் தோளிலிருந்து தொடைவரை அடியில் விரித்து வையுங்கள். இருபுறமும் ஆளுக்கொரு ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து ஒரே நேரத்தில் தூக்கி நகர்த்தலாம்.

பவுடர் வியர்வையில் திரண்டு மணல்போல் உறுத்தும். நன்றாக ஒற்றித் துடைத்து, வாசலின் மெல்லியதாகத் தடவுங்கள். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையத்தில் உட்காரவைக்காதீர்கள். சுற்றிலும் அழுத்தி, நடுவுக்கு வரும் ரத்தத்தை அது தடுக்கிறது. வாட்டர் பெட், ஏர் பெட் எல்லாம் உதவிதான், புரட்டுவதற்கு மாற்று இல்லை. மெத்தை வந்த அன்றோடு புரட்டுவதை விட்ட வீடுகளில்தான் புண் பெரிதாகிறது.

புரதம் குறைந்தாலும் புண் ஆறாது. ஐம்பது கிலோ எடை உள்ளவருக்கு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்பதால் ரசஞ்சாதம் மட்டும் போதாது; பருப்பு, தயிர், மீன் என்று சேர்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு. தோல் திறந்து கறுத்தாலோ, நாற்றம் அடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், டெட்டால் ஊற்றவும் வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பக்கவாதம் வந்த மாமாவுக்குக் கஞ்சி இறங்குகிறது, தண்ணீர் குடித்தால் மட்டும் புரையேறுகிறது. ஏன்?
— ஒரு வாசகர், காரைக்குடி

தண்ணீர் வேகமாக ஓடும். வாதம் வந்த தொண்டை மூச்சுக்குழாயை மூட நேரமெடுக்கும். அதற்குள் தண்ணீர் உள்ளே போய்விடுகிறது. கஞ்சி மெதுவாக நகர்வதால் தப்புகிறது. நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைச் சற்று நெஞ்சுப் பக்கம் இறக்கச் சொல்லி, டீஸ்பூனில் ஒவ்வொரு வாயாகக் கொடுங்கள். ஒன்று இறங்கிய பிறகே அடுத்தது. அண்ணாந்து வாயில் ஊற்றுவது நம் பழக்கம், இவருக்கு அது கூடவே கூடாது. சாப்பிட்ட பின் அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள். பலவீனமான பக்கக் கன்னத்தில் சோறு ஒதுங்கியிருக்கும், விரலில் துணி சுற்றி எடுத்துவிடுங்கள்.

சிலருக்குப் புரையேறாமலே நுரையீரலுக்குள் போகும். சாப்பிட்டதும் குரல் களகளவென்று ஈரமாகக் கேட்பதும், அடிக்கடி காய்ச்சல் வருவதும் அதன் அடையாளம். ஸ்பீச் தெரபிஸ்ட் பேச்சுக்கு மட்டும் இல்லை, விழுங்குவதைச் சோதிப்பவரும் அவர்தான்.

பேத்தி 1.9 கிலோவில் பிறந்தாள். நெஞ்சோடு கட்டி வைக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். சம்பந்தி வீட்டில் 'கைச்சூடு பழகிவிடும்' என்கிறார்கள். மகளும் சோர்ந்துவிட்டாள். நான் கட்டிக்கொள்ளலாமா?
— ஒரு பாட்டி, தேனி

தாராளமாக. தாத்தாவும் மருமகனும்கூடக் கட்டிக்கொள்ளலாம், பால் கொடுப்பதைத் தவிர மற்றதெல்லாம் அவர்களால் முடியும். 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டா நகர ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கிய முறை இது. இன்று உலக சுகாதார நிறுவனம் எடை குறைந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம்வரை இதைச் சொல்கிறது.

குழந்தைக்குத் தொப்பியும் டயப்பரும் மட்டும். உங்கள் மார்பில் நேரே தோலோடு தோலாக, செங்குத்தாக, கால்கள் தவளைபோல் மடங்கியிருக்கட்டும். முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்க வேண்டும். கழுத்து மடிந்தால் மூச்சு முட்டும். சுற்றும் துணியின் மேல் விளிம்பு காதுக்கு அடியோடு நிற்க வேண்டும். ஒரு தடவை கட்டினால் ஒரு மணி நேரமாவது கழற்ற வேண்டாம். கட்டிக்கொண்டு தூங்குவதானால் சாய்ந்த நிலையில் தூங்குங்கள். குளிப்பாட்டல், உரை மருந்து, சர்க்கரைத் தண்ணீர் எதுவும் இப்போது வேண்டாம். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பாதம் சில்லிட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உள்ளங்கை மஞ்சளித்தாலோ, நிமிடத்துக்கு 60 மூச்சு அல்லது அதற்கு மேல் வாங்கினாலோ உடனே கிளம்புங்கள். கைச்சூட்டைப் பற்றிச் சம்பந்தியம்மாளுக்குக் கவலை இருந்தால் அவரிடமே ஒரு மணி நேரம் கட்டிவிடுங்கள், பேச்சு மாறிவிடும்.

அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. மறதி நோய் உள்ள அப்பா தினமும் சாயங்காலம் 'உங்கம்மா எங்கே' என்கிறார். உண்மையைச் சொன்னால் அப்போதுதான் கேள்விப்பட்டதுபோல் அழுகிறார். பொய் சொல்லலாமா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

தினமும் துக்கம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய பொய்யும் வேண்டாம். 'அம்மா ஞாபகம் வந்துவிட்டதா? அம்மா வைக்கும் வத்தக்குழம்பு எப்படி இருக்கும்?' என்று பேச்சைத் திருப்புங்கள். அவர் தேடுவது பெரும்பாலும் பதிலை இல்லை, பக்கத்தில் ஓர் ஆளை. இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். நிழல் விழுந்தால் குழப்பம் கூடும். வாசல் கதவுக்குக் கண்ணில் படாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். சட்டைப் பையில் உங்கள் போன் நம்பர் எழுதிய அட்டை.

பி12, தைராய்டு இரண்டும் சோதித்தாயிற்றா? குறைந்தாலும் மறதி வரும், அதைச் சரிசெய்யலாம். இரண்டே நாளில் திடீரென்று ஆள் தெரியாமல் போனால் நோய் முற்றிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் உப்பு குறைவது போன்றவை காரணமாக இருக்கலாம், அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

கூட இருந்து பார்த்துக்கொள்ளும் மகனுக்கே வீட்டை எழுதிவைக்கலாமா?
— ஒரு வாசகர், மதுரை

எழுதலாம். ஆனால் 'எங்களுக்குச் சாப்பாடு, தங்குமிடம், வைத்தியம் தர வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவில், நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். பிரியம் காரணமாக எழுதிக் கொடுத்ததாக மட்டும் இருந்தால் வழக்கு இழுக்கும். மனுவைக் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். விவரம் கேட்க மூத்தோர் உதவி எண் 14567.

மாமியாரை ஆறு வருஷமாக நான்தான் பார்க்கிறேன். நாத்தனார்கள் போனில் விசாரிப்பதோடு சரி. இடுப்பு விட்டுப்போய்விட்டது.
— ஒரு வாசகி, நாகர்கோவில்

இடுப்பை முதலில் பார்ப்போம். கட்டில் தாழ்வாக இருக்கும். நான்கு காலுக்கும் உறுதியான, ஆடாத கட்டைகள் கொடுத்து உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள். அவர் தானாக இறங்குபவர் என்றால் மட்டும் இது கூடாது. தூக்கும்போது குனியாமல் முழங்காலை மடக்குங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் படுக்கை நோயாளிப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

நாத்தனார்களிடம் 'ஒத்தாசைக்கு வாருங்கள்' என்றால் வரமாட்டார்கள். 'இரண்டாவது சனிக்கிழமை காலை எட்டிலிருந்து ஞாயிறு மாலை ஆறு வரை' என்று கேளுங்கள். 'எங்களுக்கு ஒன்றும் தெரியாதே' என்பார்கள். அதற்கு ஒரு பக்கத் தாள் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்: எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, டயப்பர் எந்த அலமாரியில், எந்தப் பக்கம் திருப்பினால் வலிக்கும், டாக்டர் நம்பர், காபிக்குச் சர்க்கரை எவ்வளவு. அவர்கள் வந்த பிறகு வீட்டிலேயே உட்கார்ந்து மேற்பார்வை பார்க்காதீர்கள். பஸ் ஏறிவிடுங்கள்.