பள்ளி முடித்த கையோடு ஓராண்டு சமயப் படிப்பு

கேள்வி: ஐயா, எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் என் மகன், தமிழ்நாட்டில் ஓராண்டு தங்கித் தேவாரம் கற்க விரும்புகிறான். தோட்டத்தில் பால்மரம் வெட்டி எங்களை ஆளாக்கிய என் மாமனாரோ, “பையன் சாமியாராகப் போகிறானா?” என்று கோபிக்கிறார். யூத இளைஞர்களும் பள்ளி முடித்ததும் இஸ்ரேலுக்குப் போய் இப்படிப் படிப்பதாக மகன் வாதாடுகிறான். அவர்கள் எல்லாரும் குருமார் ஆகிவிடுகிறார்களா?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: இல்லை, அம்மா. அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளின் ஆர்த்தடாக்ஸ் (மரபு வழுவாத) யூதக் குடும்பங்களிலிருந்து 18 வயதில் இஸ்ரேலிலுள்ள ‘யெஷிவா’ என்னும் சமயப் பாடசாலைகளுக்குச் செல்லும் பிள்ளைகளில் பலர், ஓரிரு ஆண்டுக்குப் பின் ஊர் திரும்பிச் சட்டமோ கணக்கியலோ படிக்கிறார்கள். ராபி, அதாவது யூதக் குரு, ஆவதற்கான படிப்பு தனி; அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

அவர்களுடைய முதன்மைப் பாடம், யூதச் சமயச் சட்டங்களும் அவற்றின் மீதான விவாதங்களும் அடங்கிய தால்முட். பாபிலோனியத் தால்முட் 2,711 தாள்கள் கொண்டது. பெரும்பகுதி அரமேய மொழியில் இருக்கிறது. பக்கத்தின் நடுவில் மூலமும், ஒரு புறம் 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷியின் உரையும், மறுபுறம் பின்வந்தோர் எழுப்பிய தடைவிடைகளும் அச்சிடப்பட்டிருக்கும். அதில் வரும் ஒரு வழக்கைப் பாருங்கள்: ஒரு மேலாடையைப் பிடித்துக்கொண்டு வரும் இருவரும், “நானே கண்டெடுத்தேன், முழுவதும் எனக்கே” என்றால் என்ன செய்வது? தனக்குரியது பாதிக்குக் குறையாது என்று ஒவ்வொருவரும் சத்தியம் செய்தபின் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பது தீர்ப்பு. முழுவதையும் கேட்பவன் பாதிக்கு மட்டும் ஏன் சத்தியம் செய்கிறான் என்று இருவர் இருவராக அமர்ந்து உரத்த குரலில் வாதிடுவார்கள்; ஆசிரியரின் பாடம் அதற்குப் பிறகுதான். காலை, பிற்பகல், இரவு என மூன்று வேளையும் இதுவே வேலை என்பதால், படிப்பு மண்டபம் நம் சந்தைக்கடையைப் போல் இரைச்சலாக இருக்குமாம். நம் மலேசியக் கடப்பிதழ் இஸ்ரேலுக்குச் செல்லாது என்பதால், நான் இதை நேரில் பார்த்துச் சொல்லவில்லை.

இன்றைய பெரிய யெஷிவாக்களுக்கு முன்மாதிரி, 1803இல் இன்றைய பெலாருஸ் நாட்டிலுள்ள வொலோஷினில் தொடங்கப்பட்டது. இஸ்ரேலின் கட்டுப்பாட்டிலுள்ள மேற்குக் கரையில் 1968இல் நிறுவப்பட்ட ஹர் எட்சியோன் யெஷிவா போன்றவை வெளிநாட்டு மாணவர்களையும் சேர்த்துக்கொள்கின்றன. செலவு சிறியதன்று என்பதையும் உங்கள் மகன் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அவன் சொல்லாமல் விட்டது இன்னொன்றும் உண்டு. அந்தப் பிள்ளைகளில் பலர் பல்கலைக்கழக இடத்தை உறுதி செய்துகொண்டு, சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைத்துவிட்டே விமானம் ஏறுகிறார்கள். நியூயார்க்கிலுள்ள யெஷிவா பல்கலைக்கழகம் அந்த ஆண்டின் படிப்பைப் பட்டப்படிப்புக் கணக்கிலும் சேர்த்துக்கொள்கிறது. நமக்கு அந்த வசதி இல்லை. ஆகவே படிவம் ஆறு, மெட்ரிகுலேஷன் ஆகிய பல்கலைக்கழக முன்படிப்பு இடங்கள் ஓராண்டு காத்திருக்குமா என்பதை முதலில் விசாரியுங்கள். எந்த ஓதுவாரிடம், எந்தப் பண்களை, யார் செலவில் கற்கப்போகிறான் என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். தேவாரத்தின் ஏழு திருமுறைகளையும் ஓராண்டில் முடிப்பேன் என்று எழுதினால், உங்கள் மாமனாரின் கட்சியில் நானும் சேர்ந்துகொள்வேன்.