கேட்காமல் வரும் கதைகள் – கடிதம்

அன்புள்ள அக்கா,

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடங்களில் பதினோரு அறிவியல் புனைகதைகள் எழுதியிருக்கிறேன். மூன்று இதழ்களுக்கு அனுப்பினேன். இரண்டிலிருந்து பதிலே இல்லை. ஒன்றிலிருந்து ‘எங்கள் இதழுக்குப் பொருந்தவில்லை’ என்று ஒரு வரி வந்தது. அமெரிக்காவில் ஜான் கேம்ப்பெல் என்று ஓர் ஆசிரியர் இருந்தார், இயற்பியல் படித்தவர், அவர்தான் அஸிமோவ், ஹைன்லைன் போன்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர்களை உருவாக்கினார் என்று படித்தேன். அறிவியல் தெரிந்த அப்படி ஓர் ஆசிரியர் நமக்கு இல்லாததுதான் குறை என்று தோன்றுகிறது. பிறர் பாதிப்பு வரக் கூடாது என்பதற்காக இப்போது யாருடைய கதையையும் படிப்பதில்லை. பேசாமல் கிண்டிலில் போட்டுவிடலாமா? புனைபெயர் அவசியமா?

எம்.

அன்புள்ள எம்.,

புனைபெயர் உங்கள் விருப்பம். கிண்டிலும் அப்படித்தான், போட வேண்டும் என்று தோன்றினால் போடுங்கள்.

ஆனால் ‘யாருடைய கதையையும் படிப்பதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. உங்கள் கதையை யாரோ ஒருவர் முழுசாகப் படிக்கவில்லை என்ற வருத்தத்தைத்தானே எனக்கு எழுதியிருக்கிறீர்கள்? நீங்கள் யாரையும் படிக்க மாட்டீர்கள், உங்களை மட்டும் எல்லோரும் படிக்க வேண்டுமா? பாதிப்பு வந்தால் வரட்டும் தம்பி. பாதிப்பே இல்லாமல் எழுதிய ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. இதை முதலில் நிறுத்துங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

சரி, கேம்ப்பெல். அவர் பெரிய ஆசிரியர்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 1937 கடைசியில் ‘அஸ்டவுண்டிங்’ என்ற அறிவியல் புனைகதை இதழுக்கு வந்து, 1971இல் சாகும்வரை அந்த நாற்காலியில் இருந்தார். 1939 கோடையின் இரண்டு மூன்று மாதங்களுக்குள் வான் வோக்ட், அஸிமோவ், ஹைன்லைன், ஸ்டர்ஜன் என்று வரிசையாக அவர் இதழில் வந்தார்கள். ஆனால் அவருக்கு அறிவியல் தெரிந்திருந்ததுதான் அதற்குக் காரணம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே கேம்ப்பெல்தான் 1950இல் ஹப்பார்ட் என்ற எழுத்தாளரின் ‘டயனடிக்ஸ்’ என்ற போலி மனமருத்துவக் கட்டுரையைத் தன் இதழில் போட்டார். 1960இல் ‘டீன் டிரைவ்’ என்ற ஒரு கருவிக்காக வரிந்துகட்டிக்கொண்டு எழுதினார். எதையும் பின்னால் தள்ளாமல் தானே முன்னால் போகும் இயந்திரம் அது, நியூட்டனின் மூன்றாம் விதி பொய்யானால்தான் வேலை செய்யும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விதி! இயற்பியல் படிப்பு அவரை அதிலிருந்து காப்பாற்றவில்லை. நல்ல கதையைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் அந்தப் படிப்பு இல்லை.

இதைப் பற்றியே கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்கு நான் வேறு ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். சீல் கோல்ட்ஸ்மித். கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

பென்சில்வேனியாவில் ஸ்க்ராண்டன் என்ற ஊரில் 1933இல் பிறந்தவர். வாஸர் கல்லூரியில் படித்து முடித்த கையோடு நியூயார்க்கில் ஸிஃப்-டேவிஸ் என்ற பத்திரிகை நிறுவனத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். அறிவியல் புனைகதை ரசிகையாக வளர்ந்தவர் அல்ல. அந்த நிறுவனத்திடம் ‘அமேஸிங் ஸ்டோரீஸ்’, ‘ஃபேன்டாஸ்டிக்’ என்று இரண்டு இதழ்கள் இருந்தன. ‘அமேஸிங்’ 1926இல் கெர்ன்ஸ்பேக் தொடங்கியது, உலகத்தின் முதல் அறிவியல் புனைகதை இதழ். ஆனால் ஐம்பதுகளின் நடுவில் அது இருந்த நிலை மோசம். நாலைந்து எழுத்தாளர்களோடு ஓர் ஏற்பாடு, மாதாமாதம் இத்தனை ஆயிரம் சொற்கள் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். வந்ததைப் படிக்காமலே அச்சுக்கு அனுப்பினார்கள் என்று அந்த ஏற்பாட்டில் எழுதிய சில்வர்பெர்க்கே சொல்லியிருக்கிறார்.

1958 கடைசியில் இரண்டு இதழ்களும் இந்தப் பெண் கைக்கு வந்தன. வயது இருபத்தைந்து. அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான், படித்தார். அங்கே ‘ஸ்லஷ் பைல்’ என்று சொல்வார்கள், யாரும் கேட்காமல், யார் சிபாரிசும் இல்லாமல் தபாலில் வந்து குவிகிற கதைகளை. அந்தக் குவியலுக்குள் கையை விட்டார். எழுதாமல் ஒதுங்கியிருந்த ஃப்ரிட்ஸ் லைபரைத் திரும்ப எழுத வைத்து, 1959 நவம்பர் ‘ஃபேன்டாஸ்டிக்’ இதழின் கதைகள் முழுவதையும் அவருக்கே கொடுத்தார். டேவிட் பன்ச் என்ற ஒருவரின் கதைகளை வாசகர்கள் திட்டித் தீர்த்தார்கள், இவர் போட்டுக்கொண்டே இருந்தார்.

அப்புறம் 1962. ஆகஸ்டில் ராஜர் ஸெலாஸ்னியின் முதல் கதை, அந்த வருடம்தான் அரசாங்க அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர். அக்டோபரில் தாமஸ் டிஷின் முதல் கதை. நடுவில் செப்டம்பரில், போர்ட்லண்டில் இரண்டு சின்னப் பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் கதை. அவர் பெயர் உர்சுலா லெ குவின். மூன்றே மாதங்கள், எம். இன்னொரு பத்திரிகைக்கு முப்பது வருடத்தில்கூட இப்படி அமையாது.

‘கேம்ப்பெல் உருவாக்கினார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ‘உருவாக்கினார்’ என்ற சொல்லைக் கண்டாலே எனக்கு ஆகாது. சீல் கோல்ட்ஸ்மித் லெ குவினை உருவாக்கவில்லை. லெ குவின் அதற்கு முன்பே வருடக்கணக்காக எழுதி, கதைகள் திரும்பி வந்து, மறுபடி எழுதிக்கொண்டிருந்தவர். காசு கிடைத்த முதல் கதை அதுதான், ஆனால் எழுதியதில் அது முப்பதாவதாகவோ நாற்பதாவதாகவோ இருக்கும் என்று அவரே குறிப்பிட்டிருக்கிறார். (நீங்கள் பதினொன்றில் இருக்கிறீர்கள்.) கோல்ட்ஸ்மித் அந்தக் கதையைக் கடைசிவரை படித்து, சரி என்றார். ஆசிரியர் வேலை அதுதான்.

அது என்ன கதை தெரியுமா? ‘ஏப்ரல் இன் பாரிஸ்’. தனியாக வாழும் ஒரு அமெரிக்கப் பேராசிரியர் பாரிஸில் இருக்கிறார். பதினைந்தாம் நூற்றாண்டில் அதே பாரிஸில் அவரைப் போலவே தனியாக வாடும் ஒரு ஏழை அறிஞன் மந்திரம் போடுகிறான், இவர் அங்கே போய் விழுகிறார். இயந்திரமும் இல்லை, கணக்கும் இல்லை. நூற்றாண்டுகளைத் தாண்ட வைப்பது தனிமை. அறிவியல் தெரிந்த ஆசிரியர் வேண்டும் என்கிறீர்கள், அப்படிப்பட்ட ஒருவர் இதை எடுத்ததும் ‘மந்திரம் எப்படி வேலை செய்கிறது?’ என்றல்லவா முதலில் கேட்பார்! கோல்ட்ஸ்மித்துக்கு அந்தக் கேள்வி தடையாக இருக்கவில்லை. 1964இல் லெ குவினின் இன்னும் இரண்டு கதைகளை ‘ஃபேன்டாஸ்டிக்’கில் போட்டார், மந்திரவாதிகளும் தீவுகளும் வரும் கதைகள். பின்னால் உலகம் முழுக்கப் படித்த ‘எர்த்ஸீ’ என்ற அவருடைய நாவல் வரிசை அந்த இரண்டு கதைகளில்தான் தொடங்கியது.

நான் இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நானும் ஒரு காலத்தில் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சென்னையில் ஒரு சிற்றிதழில் இரண்டு வருடம் தபால் பிரித்தேன். சம்பளம் கிடையாது, மாலையில் ஆபீஸ் விட்டதும் போவேன். ஒருநாள் கோடுபோட்ட நோட்டுத் தாளில் பச்சை மையில் எழுதிய ஒரு கதை வந்தது, நாற்பது பக்கம் இருக்கும். இருபுறமும் எழுதியிருந்தது. மூன்று பக்கம் படித்தேன், கண் வலித்தது, அன்றைக்கு இன்னும் பதினைந்து கவர்கள் பாக்கி. கூடவே வைத்திருந்த சுயவிலாசமிட்ட உறையில் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன். அந்த உறை மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது. தபால்தலையைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தார்கள், ஒரு பருக்கை ஓரத்தில் பிதுங்கி வெளியே வந்து காய்ந்திருந்தது. ராத்திரி படுக்கும்போதுதான் அந்த மூன்று பக்கத்தில் இருந்த ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. ஒரு ஊர்க் கிணறு, அதற்குள் காதை வைத்தால் முப்பது வருடத்துக்கு முன்னால் பெய்த மழையின் சத்தம் கேட்கும். மறுநாள் காலையில் ஓடினேன். தபால் போய்விட்டது. பெயரும் குறித்து வைக்கவில்லை, ஊரும் நினைவில்லை. அந்தக் கிணறு என்ன ஆயிற்று என்று இந்த முப்பது வருடமாக எனக்குத் தெரியாது. அவர் அதற்குப் பிறகு எழுதினாரா என்பதும் தெரியாது. நாற்பது பக்கம் எழுதி, ஒட்டப் பசை இல்லாமல் சோற்றை எடுத்து ஒட்டி அனுப்பிய ஒருவருக்கு நான் செய்தது அது.

அதனால் உங்களுக்கு ஒரு வரி எழுதிய அந்த ஆசிரியருக்காக நான் வாதாட மாட்டேன். பதிலே போடாதவர்கள் பற்றிப் பேசவும் விருப்பமில்லை. ஆனால் ‘அறிவியல் தெரியாதவர்’ என்று அவர்களைத் தள்ளாதீர்கள். படித்தார்களா இல்லையா, அதை மட்டும் கேளுங்கள்.

கோல்ட்ஸ்மித்தின் மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1962இல் சிகாகோவில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் அவருக்குச் சிறப்பு விருது கொடுத்தார்கள். 1964இல் திருமணமாகி சீல் லாலி ஆனார். 1965இல் நிறுவனம் இரண்டு இதழ்களையும் விற்றுவிட்டது. வாங்கியவர் பழைய கதைகளையே மறுபடி மறுபடி அச்சடித்தார், எழுதியவர்களுக்குக் காசு கொடுக்காமல், அதற்காக எழுத்தாளர் சங்கம் அவரோடு சண்டை போட வேண்டியிருந்தது. கோல்ட்ஸ்மித் இதழ்களோடு போகவில்லை. அதே நிறுவனத்தில் ‘மாடர்ன் பிரைட்’ என்ற மணப்பெண்களுக்கான பத்திரிகைக்குப் போய், முப்பது வருடத்துக்கும் மேலாக அங்கே வேலை பார்த்தார். ஏழு வருடத்துக்குள் இவ்வளவு பேரைக் கண்டெடுத்த கண், அதன்பின் கல்யாண கவுன்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வேலையையும் அவர் நன்றாகவே செய்தார், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் 1965க்குப் பிறகு அந்தக் குவியலில் வந்து விழுந்த கதைகளை நினைத்தால் வயிறு எரிகிறது. 2002 ஜனவரியில் ஒரு கார் விபத்தில் இறந்துபோனார். கேம்ப்பெல் பெயரில் விருதுகள் இருந்தன, புத்தகங்கள் இருக்கின்றன. இவர் பெயர் கோயம்புத்தூர் வரை வந்து சேரவில்லையே, அது எனக்குத் தாங்கவில்லை.

உங்கள் பதினொன்றில் ஒன்றை எனக்கு அனுப்புங்கள். எது என்று நீங்களே முடிவு செய்யுங்கள், நண்பர்களைக் கேட்காதீர்கள். நான் இதழ் நடத்தவில்லை, பிரசுரம் பண்ண முடியாது. ஆனால் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் பதில் எழுதுவேன். கொஞ்சம் நாளாகும், கண்ணில் புரை அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம்தான் ஆகிறது, அதனால் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்து அனுப்புங்கள். அதற்குள் ‘ஏப்ரல் இன் பாரிஸ்’ கதையைத் தேடிப் படித்துவிட்டு, எந்த இடத்தில் நின்றீர்கள் என்று அதே மின்னஞ்சலில் எழுதுங்கள். முகவரியை மறக்காமல் போடுங்கள். இந்த முறை குறித்து வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா