‘கூட்டணுமா, கழிக்கணுமா?’ என்று கேட்கும் குழந்தைக்கு

கேள்வி: மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் 52 − 27 என்று கொடுத்தால் தப்பில்லாமல் போடுகிறாள். அதையே வாக்கியக் கணக்காகக் கொடுத்தால், படித்து முடிப்பதற்குள் “கூட்டணுமா, கழிக்கணுமா?” என்கிறாள். சொல்லிவிட்டால் போட்டுவிடுகிறாள். ‘மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி’ என்று பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டியும் பார்த்தோம், சரியாகவில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தப் பட்டியலைக் கழற்றிவிடுங்கள். எளிய கணக்குகள் பலவற்றுக்கு அது சரியான விடையைத் தந்துவிடும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. குழந்தை கணக்கைப் படிப்பதை விட்டுவிட்டு வார்த்தையைத் தேட ஆரம்பித்துவிடுகிறது. இந்தக் கணக்கைப் பாருங்கள்: ‘பெட்டியில் இருந்த பென்சில்களில் 7ஐக் கொடுத்துவிட்டாள். இப்போது 12 மீதி இருக்கிறது. முதலில் எத்தனை இருந்தன?’ பட்டியலை நம்பும் குழந்தை ‘மீதி’யைக் கண்டதும் 12 − 7 = 5 என்று எழுதும். இப்போதே 12 இருக்கும்போது முதலில் 5 மட்டும் எப்படி இருந்திருக்கும் என்று அதற்குத் தோன்றாது. விடை 19.

இது உங்கள் மகளுக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை. பிரான்ஸின் கிரெனோபிள் நகரக் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் 97 பேரிடம், ‘ஒரு கப்பலில் 26 செம்மறிகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கேப்டனின் வயது என்ன?’ என்று கேட்டார்கள். 76 பேர் அந்த இரண்டு எண்களை வைத்து ஏதோ ஒரு கணக்குப் போட்டு வயதைச் சொல்லிவிட்டார்கள். எண்கள் கண்ணில் பட்டதும் கை வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. எனவே எண்களைச் சற்று நேரம் மறைத்து வைப்பதுதான் வழி.

அதற்கு முன் ஒரு சோதனை. அவள் தவறாகப் போட்ட கணக்கு ஒன்றை எடுத்து, நீங்கள் நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். கேட்டதும் சரியாகச் சொன்னால், சிக்கல் வாசிப்பில் இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிப்பதிலேயே கவனம் தீர்ந்துபோகிறது. வாசித்துக் காட்டியும் வரவில்லை என்றால், 348, 175 போன்ற எண்களை 8, 5 என்று மாற்றிச் சொல்லுங்கள். அப்போது வந்தால் பெரிய எண்களின் சுமைதான் காரணம். அப்போதும் வரவில்லை என்றால், கணக்கில் நடப்பது மனதில் படமாக விழவில்லை என்று பொருள். உங்கள் மகள் விஷயத்தில் இந்த மூன்றாவதுதான் என்று தோன்றுகிறது. இனி சொல்வதெல்லாம் அதற்கானது.

கணக்கில் உள்ள எண்களின் மேல் சின்னக் காகிதத் துண்டுகளை வையுங்கள். ‘பெட்டியில் பென்சில்கள் இருந்தன, கொஞ்சம் கொடுத்தாள், கொஞ்சம் மீதி இருக்கிறது’ என்று வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு கணக்கைப் பார்க்காமல் அவள் சொந்த வார்த்தையில் சொல்லட்டும். சொல்ல முடியாவிட்டால் மறுபடி வாசிக்க வேண்டும். இந்த இடத்தைத் தாண்டிப் போவதில் பயனில்லை. அடுத்து, “எதைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள்?” என்று கேளுங்கள். விடை வாக்கியத்தைக் கோடிட்ட இடத்தோடு முதலிலேயே எழுதிவிடட்டும்: ‘முதலில் ____ பென்சில்கள் இருந்தன.’ “அது இப்போது மீதி இருப்பதைவிட அதிகமாக இருக்குமா, குறைவாக இருக்குமா?” என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். இதற்குப் பதில் சொன்ன குழந்தை பெரும்பாலும் ‘கூட்டணுமா’ என்று கேட்காது.

பிறகு படம். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வட்டங்கள் போதும். மூன்றாம் வகுப்பிலிருந்து பட்டைகளுக்கு, அதாவது எண்ணின் அளவை நீளத்தால் காட்டும் செவ்வகங்களுக்கு, மாறுவது நல்லது. 1980களில் சிங்கப்பூர் தொடக்கப் பள்ளிகளில் கொண்டுவரப்பட்ட முறை இது. கணக்கில் வரும் பென்சில்களைக் கூர்முனையோடு, வண்ணம் தீட்டி அப்படியே படமாக வரைய விடாதீர்கள், நேரமும் கவனமும் அதிலேயே போய்விடும்.

பட்டை மிக அதிகம் உதவுவது ஒப்பிடும் கணக்குகளில். குழந்தைகள் அதிகம் சறுக்குவதும் இங்கேதான் என்பதால் ஒன்றை முழுதாகப் பார்ப்போம். ‘மீனாவிடம் 15 கோலிகள் இருக்கின்றன. இது ரவியிடம் இருப்பதைவிட 6 அதிகம். ரவியிடம் எத்தனை?’ பல குழந்தைகள் ‘அதிகம்’ என்பதைப் பார்த்து 21 என்பார்கள். எண்களை மறைத்துவிட்டு, “யாரிடம் அதிகம்?” என்று மட்டும் கேளுங்கள். மீனாவிடம். கட்டம் போட்ட நோட்டில் மீனாவுக்கு நீளமான பட்டை. அதற்குக் கீழே, அதே இடது ஓரத்திலிருந்து தொடங்கி, ரவிக்குச் சிறிய பட்டை. இப்போது காகிதத் துண்டுகளை எடுத்துவிட்டு, மீனாவின் பட்டையில் 15 என்றும், ரவியின் பட்டை முடிந்த இடத்திலிருந்து மீனாவின் பட்டை முடியும் இடம் வரையுள்ள இடைவெளியில் 6 என்றும், ரவியின் பட்டையில் கேள்விக்குறியும் போட வேண்டும். 15 − 6 = 9 என்பது படத்திலேயே தெரிந்துவிடும்.

இதில் தவறு இரண்டு இடங்களில் நேரும். பட்டைகளின் இடது ஓரம் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் வித்தியாசம் கண்ணுக்குப் படாது. 6ஐ இடைவெளியில் எழுதாமல் ரவியின் பட்டைக்குள் எழுதிவிடும் குழந்தையும் உண்டு. ‘6 அதிகம்’ என்பதை ‘ரவியிடம் 6’ என்று புரிந்துகொண்டதற்கு அது அடையாளம். அப்போது வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல வையுங்கள்: மீனாவிடம் ரவியைவிட 6 அதிகம் என்றால், ரவியிடம் மீனாவைவிட 6 குறைவு. பென்சில் அவள் கையில்தான் இருக்க வேண்டும். நீங்கள் வரைந்து காட்டினால் யோசித்தது நீங்கள்தான், அவள் இல்லை.

பெருக்கலுக்கு ஒரே அளவுப் பட்டைகளை அடுத்தடுத்து ஒட்டி வரைந்தால் போதும். வகுத்தலில் கொஞ்சம் நிற்க வேண்டும். 24 பென்சில்களை 4 பேருக்குச் சமமாகப் பிரிப்பதும், பெட்டிக்கு 4 வீதம் அடுக்குவதும் எழுதும்போது 24 ÷ 4 = 6 தான். ஆனால் முதலாவதில் விடை ஆளுக்கு 6 பென்சில், இரண்டாவதில் 6 பெட்டி. முன்பே எழுதிவைத்த விடை வாக்கியம் இங்கே காப்பாற்றும். மீதி வரும்போதும் அப்படியே. படகுக்கு 4 பேர் வீதம் 26 பேர் போக 7 படகு வேண்டும். 26 பென்சில்களில் 4 வீதம் நிறையும் பெட்டி 6 தான். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த தேசிய மதிப்பீட்டில், பேருந்துக்கு 36 பேர் வீதம் 1128 வீரர்களை ஏற்ற எத்தனை பேருந்து வேண்டும் என்ற கேள்விக்கு, 13 வயது மாணவர்களில் 29 சதவீதத்தினர் ‘31, மீதி 12’ என்று எழுதினார்கள். வகுத்தலில் பிழையில்லை, பேருந்துதான் மறந்துபோனது.

இரண்டு படிக் கணக்கில் கேட்கப்படாத கேள்வி ஒன்று ஒளிந்திருக்கும். ‘பெட்டிக்கு 8 வீதம் 5 பெட்டிப் பென்சில்களில் 12ஐக் கொடுத்தாயிற்று. மீதி எத்தனை?’ இதற்கு, “விடை சொல்ல இன்னும் என்ன தெரிய வேண்டும்?” என்று கேளுங்கள். இரண்டு படிகளையும் தனித்தனி வரியில் எழுத வையுங்கள். 8 × 5 = 40 − 12 = 28 என்று ஒரே வரியில் சங்கிலியாக எழுதுவது தவறு. 8 × 5 என்பது 28 ஆகாது. இந்தப் பழக்கத்தை இப்போதே நிறுத்தாவிட்டால் பின்னால் சமன்பாடு படிக்கும்போது தொல்லை தரும்.

நாளுக்கு இரண்டு கணக்கு, 15 நிமிடம் போதும். ‘கழித்தல்’ என்று தலைப்பிட்ட பக்கத்திலிருந்து கொடுக்காதீர்கள். தலைப்பைப் பார்த்தே எல்லாவற்றையும் கழித்துவிடுவாள். ஒன்று கழித்தல் என்றால் மற்றொன்று வேறு வகையாக இருக்கட்டும். வாரத்தில் ஒருநாள் 13 − 5 = 8 என்று மட்டும் கொடுத்து அவளையே கதை கட்டச் சொல்லுங்கள். முதலில் ‘5 தொலைந்துபோனது’ மாதிரிதான் வரும். அதற்கே ஒப்பிடும் கதை ஒன்றும் கேளுங்கள்.

விடை சரியாக இருக்கும் நாளிலும் “எப்படித் தெரிந்தது?” என்று கேளுங்கள். தவறும்போது மட்டும் கேட்டால், கேள்வி வந்ததுமே தப்பு என்று முடிவுகட்டி அழித்துவிடுவாள்.