வரியை எங்கே உடைப்பது?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குழந்தைகளைக் கவிதை எழுத வைப்பது பற்றியவை. பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்தார்கள். பாரபட்சம் வேண்டாம் என்று எல்லோருடைய பெயரையும் விட்டுவிட்டேன்.

கேள்வி: மழையைப் பற்றி எழுதச் சொன்னால் என் மகள் "வானம் உதிர்க்கும் முத்துகள்" என்று எழுதுகிறாள். மூன்றாம் வகுப்புதான். வீட்டில் எல்லோரும் கைதட்டுகிறார்கள். எனக்கு மட்டும் ஏதோ இடிக்கிறது. கோளாறு என்னிடமா?
– ஓர் அப்பா

பதில்: உங்கள் காது சரியாகத்தான் இருக்கிறது. அந்த முத்து உங்கள் மகளுடையது அல்ல. பாடப்புத்தகமும் மேடைப் பேச்சும் வாழ்த்து அட்டையும் சேர்ந்து அவள் கையில் கொடுத்தது. அதற்காக "இது வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள். சொன்னால் முத்தைப் போட்டுவிட்டு வைரத்தை எடுத்துக்கொள்வாள். கேள்வியை மாற்றுங்கள். மழை எப்படி இருந்தது என்று கேட்காமல், மழை வந்தபோது நீ எங்கே நின்றாய், முதலில் நனைந்தது எது என்று கேளுங்கள்.

இதையே ஒரு பையனிடம் கேட்டேன். "முதல் துளி என் இடது செருப்பில் விழுந்தது" என்றான். எழுதச் சொன்னேன். எழுதிய பிறகு, "இடது எதற்கு? செருப்பு என்றால் போதாதா?" என்று கேட்டேன். இரண்டு விதமாகவும் வாய்விட்டு வாசித்துப் பார்த்தான். "இடது வேணும் சார். வலது கால் படிக்கு உள்ளே இருந்துச்சு" என்றான். வெளியே போவதா வேண்டாமா என்று வாசற்படியில் அவன் நின்ற நிலை முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. அதற்குமேல் அவன் எழுதவில்லை, நானும் எழுதச் சொல்லவில்லை.

கவிதை சொல்லித் தருவது என்று நான் நினைப்பது இவ்வளவுதான்: ஒரு சொல்லை வைத்துக்கொள்வதா விடுவதா என்று குழந்தையையே தீர்மானிக்க வைப்பது. தலைப்பு கொடுக்க யாருக்கும் வரும்.

கேள்வி: வீட்டில் ஒரு குழந்தை என்றால் உட்கார்ந்து பேசலாம். என் வகுப்பில் 40 பேர். ஒரு பாடவேளைக்குள் என்ன செய்துவிட முடியும்?
– ஆரம்பப் பள்ளி ஆசிரியை

பதில்: ஒரே ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதுங்கள். அழகான வாக்கியமாக இருக்கக் கூடாது. நான் வழக்கமாக எழுதுவது: "பல்லி சுவரிலிருந்து விழுந்தது."

மூன்று சொற்கள். இவற்றை ஆறு விதமாக மாற்றி அடுக்கலாம், ஆறும் தமிழில் நிற்கும். "சுவரிலிருந்து" என்பதில் இருக்கும் உருபு அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டே போவதால், அதை எங்கே தூக்கி வைத்தாலும் எது விழுந்தது, எங்கிருந்து விழுந்தது என்ற குழப்பம் வராது. நம் மொழி குழந்தைகளுக்குக் கொடுத்திருக்கும் பெரிய வசதி இது. ஆறையும் அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒவ்வொன்றையும் மூன்று வரியாக உடைத்து எழுதச் சொல்லுங்கள்.

பல்லி
சுவரிலிருந்து
விழுந்தது

இது செய்தி. யாரும் தலை நிமிர மாட்டார்கள்.

விழுந்தது
சுவரிலிருந்து
பல்லி

இங்கே முதல் வரியிலேயே ஏதோ விழுந்துவிட்டது, எது என்று தெரிய மூன்றாவது வரி வரை காத்திருக்க வேண்டும். "எது உங்களைத் திடுக்கிட வைக்கிறது, ஏன்?" என்று கேளுங்கள். கை தூக்கச் சொல்லி ஓட்டு எடுக்கலாம். ஆனால் பெரும்பான்மைதான் சரி என்று முடித்துவிடாதீர்கள். முதல் வடிவத்துக்கு ஒரே ஒரு கை தூக்கிய பெண் ஒரு வகுப்பில் சொன்ன காரணம்: "அதுல பல்லி மேல இருக்கு சார், கடைசி வரிக்கு வர்றதுக்குள்ள கீழ வந்துடுது." வரிகள் மேலிருந்து கீழே இறங்குவதையே அவள் சுவராகப் பார்த்திருக்கிறாள். எனக்கு அது தோன்றியதே இல்லை.

இதற்குள் பாதி நேரம் போயிருக்கும். மீதி நேரத்தில் ஒரே ஒரு சொல்லை மாற்ற அனுமதி கொடுங்கள். "விழுந்தது" என்பதைக் குதித்தது, நழுவியது, சறுக்கியது என்று மாற்றுவார்கள். குதித்தது என்றால் பல்லிக்கு ஒரு திட்டம் இருக்கிறது, நழுவியது என்றால் இல்லை. பெயரடைகளைத் தேடும் பழக்கத்திலிருந்து குழந்தைகளை வெளியே கொண்டுவர இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. "அழகான பல்லி", "சின்னஞ்சிறு பல்லி" எல்லாம் தானாகவே காணாமல் போய்விடும்.

யாராவது ஒருவன் விதியை மீறுவான். மீறட்டும். அப்படி மீறிய ஒருவன் எழுதியது:

விழுந்தது
பல்லி இல்லை
வால்

வகுப்பே சிரித்தது. பின் வரிசையிலிருந்து ஒருத்தி "வால் மட்டும்னு போடுடா" என்றாள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு மறுத்துவிட்டான். "மட்டும்னு சொன்னா பாவமா ஆயிடும். இது பாவம் இல்ல, பல்லி தப்பிச்சிடுச்சு." ஒன்பது வயதுப் பையன் தன் கவிதையின் தொனியைக் காப்பாற்றிக்கொள்கிறான் என்றால், நீங்கள் சாக்பீஸைக் கீழே வைத்துவிடலாம்.

கேள்வி: எந்த வயதில் தொடங்கலாம்?
– ஒரு பாட்டி

பதில்: எழுதத் தெரிவதற்கு முன்பே. பேரன் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். திருத்தாமல், அவன் சொன்ன அதே சொல்லில். பிறகு வாசித்துக் காட்டி, எங்கே மூச்சு விட வேண்டும் என்று அவனிடமே கேளுங்கள். அந்த இடத்தில் வரியை உடையுங்கள்.

கேள்வி: எதுகை மோனை இல்லாமல் எழுதுவது கவிதையே இல்லை என்கிறார் என் மாமனார். என் மகனோ "வந்தான், பார்த்தான், சென்றான், குதித்தான்" என்று அடுக்கிக்கொண்டே போகிறான். யார் பக்கம் நிற்பது?
– நடுவில் மாட்டிக்கொண்டவர்

பதில்: முதலில் மகன் செய்வது எதுகை அல்ல என்று மாமனாரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார். கடைசி எழுத்துகள் ஒன்றுவது இயைபு. எதுகையில் ஒன்ற வேண்டியது இரண்டாம் எழுத்து, மோனையில் முதல் எழுத்து.

தமிழில் வினைமுற்றுகள் ஆன், ஆள், ஆர், து என்று சில விகுதிகளிலேயே முடிவதால், வாக்கியத்தை வழக்கம்போல வினையில் முடித்தாலே இயைபு வந்து விழுந்துவிடும். எந்த முடிவும் எடுக்காமல் கிடைப்பது அது. அதனால்தான் அவனால் பக்கம் பக்கமாக எழுத முடிகிறது. எதுகைக்குக் கொஞ்சம் தேட வேண்டும். பட்டம், வட்டம், சட்டம் என்று இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டும். அதோடு முதல் எழுத்துகள் இரண்டும் குறிலாகவோ இரண்டும் நெடிலாகவோ இருக்க வேண்டும். பட்டுக்கும் பாட்டுக்கும் ஆகாது. பாட்டுக்கும் கேட்டுக்கும் ஆகும். மோனையில் இன்னும் வேடிக்கை: அதே எழுத்துதான் வர வேண்டும் என்பதில்லை, ச-வுக்குத் த-வும் ம-வுக்கு வ-வும் ஞ-வுக்கு ந-வும் உறவாக வரலாம். குழந்தைகளுக்கு இந்த உறவுமுறை ரொம்பப் பிடிக்கும். சொற்களை வேட்டையாடும் விளையாட்டாக இதையெல்லாம் சொல்லிக் கொடுங்கள். கட்டாயமாக்காதீர்கள்.

கட்டாயமாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். ஒருவன் எழுதினான்: "எங்கள் வீட்டு நாய்க்குட்டி, எப்போதும் அது ஒரு பெட்டி." பெட்டி எப்படி வந்தது என்று கேட்டால், "குட்டிக்கு வேற எதுவும் கிடைக்கல" என்றான். சரி, குட்டி இப்போது உண்மையில் எங்கே இருக்கும் என்று கேட்டேன். அவன் சொன்னதை மூன்று வரியாக உடைத்தான்:

குட்டி எங்கே?
கட்டிலுக்கு அடியில்.
மூக்கு மட்டும் வெளியே.

குட்டி, கட்டில். இரண்டாம் எழுத்தைப் பாருங்கள். இதை மாமனாரிடம் காட்டுங்கள்.

கேள்வி: இலக்கண வகுப்பில் படிப்பது கவிதைக்கு உதவுமா, அல்லது கெடுக்குமா?
– பயிற்சி ஆசிரியர்

பதில்: எந்தப் பாடம் என்பதைப் பொறுத்தது. இரட்டைக்கிளவி நிச்சயம் உதவும். சலசல, சடசட, மடமட: பிரித்தால் பொருள் தராது, இரண்டாகத்தான் வாழும் என்று விதி சொல்லிவிட்டு, உடனே தகரக் கூரை மேல் பெய்யும் மழைக்கு எது, இலை மேல் பெய்யும் மழைக்கு எது என்று கேளுங்கள். "சொட்டுச் சொட்டாக" என்று ஒரு குழந்தை சொல்லும். அது இரட்டைக்கிளவி இல்லை, சொட்டு தனியாகவும் பொருள் தரும் என்று மற்றொரு குழந்தை சண்டைக்கு வரும். அந்தச் சண்டையில் தலையிடாதீர்கள்.

கேள்வி: ஹைக்கூ மூன்றே வரிதானே, குழந்தைகளுக்கு அதுதான் சுலபம் என்கிறார்களே?
– ஒரு நூலகர்

பதில்: ஜப்பானிய மரபில் 5–7–5 என்று 17 ஒலியசைகள் கணக்கு. தமிழில் நாம் பெரும்பாலும் மூன்று வரியை மட்டும் எடுத்துக்கொண்டோம். பாரதியார் 1916-லேயே ஜப்பானியக் கவிதையின் சொற்சுருக்கத்தை வியந்து எழுதியிருக்கிறார். அந்தச் சுருக்கம் வரிக் கணக்கில் வருவதல்ல. குழந்தைகளிடம் ஹைக்கூ என்று சொன்னால் விடுகதையோ, மூன்றாம் வரியில் "அடடா!" போடும் துணுக்கோ வருகிறது. பெயரைச் சொல்லாமல், இரண்டு வரியில் பார்த்ததை எழுது, மூன்றாவது வரியில் கண்ணை வேறு எங்காவது திருப்பு என்று சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: பேச்சுத் தமிழில் எழுதினால் பள்ளியில் சிவப்பு மை விழுகிறது. எதைச் சொல்லிக் கொடுப்பது?
– இரண்டு பிள்ளைகளின் அம்மா

பதில்: கட்டுரைக்குச் சிவப்பு மை சரி. கவிதையில் அது எழுதுபவர் எடுக்க வேண்டிய முடிவு. "அம்மா வந்துவிட்டார்" என்று எழுதினால் யாரோ அறிவிக்கிறார்கள். "அம்மா வந்துட்டாங்க" என்றால் ஒரு குழந்தை கதவை நோக்கி ஓடுகிறது. எது வேண்டும் என்று உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள். காரணமில்லாமல் ஒரே வரியில் இரண்டும் கலந்தால் மட்டும் சுட்டிக்காட்டுங்கள்.

கேள்வி: என் மகன் கைபேசியில் கேட்டுக் கவிதை வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். கண்டுபிடிப்பது எப்படி?
– கவலையுள்ள தகப்பன்

பதில்: முன்பெல்லாம் மாமாக்கள் எழுதிக் கொடுத்தார்கள். இந்தச் சொல் ஏன், இங்கே ஏன் உடைத்தாய், இதில் பேசுவது யார் என்று மூன்று கேள்வி கேளுங்கள். தானே எழுதியவன் சண்டை போடுவான். வாங்கி வந்தவன் "நல்லா இருக்குல்ல?" என்பான்.

கேள்வி: எனக்கு 12 வயது. டீச்சர் என் கவிதைக்குக் கீழே "நன்று" என்று மட்டும் எழுதித் தந்தார். நிஜமாகவே நன்றாக இருக்கிறதா?

மின்சாரம் போனது
வீடே இருட்டானது
அப்பாவின் குரல் எங்கிருந்தோ வந்தது
"யாரும் அசையாதீங்க"
இருளைக் கண்டு அஞ்சாதே, துணிவே துணை

– ஏழாம் வகுப்பு மாணவி

பதில்: "எங்கிருந்தோ" மிக நன்றாக இருக்கிறது. தினமும் ஒரே வீட்டில் கேட்கும் குரல், இருட்டில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் போவதை ஒரே சொல்லில் சொல்லிவிட்டாய். அப்பா பேசுவதைப் பேச்சுத் தமிழில் வைத்ததும் சரியான முடிவு. "அசையாதீர்கள்" என்று எழுதியிருந்தால் அவர் போலீஸ்காரர் ஆகியிருப்பார்.

இரண்டாம் வரியை ஒரு விரலால் மறைத்துக்கொண்டு வாசித்துப் பார். எனக்கு அது தேவைப்படவில்லை. உனக்குத் தேவைப்பட்டால் வைத்துக்கொள், ஆனால் ஏன் என்று எனக்கு எழுது. கடைசி வரி உன்னுடையது இல்லை, பள்ளிச் சுவரில் எழுதியிருப்பது. அதை எடுத்துவிடு. அதற்குப் பதிலாக ஒன்று கேட்கிறேன்: அப்பா அப்படிச் சொன்னதும் யார் அசைந்தது? எதில் இடித்துக்கொண்டது? பதிலை ஒரே வரியில் எழுதி அனுப்பு.